நோட்டில் ஏறாத ரன்கள்

யாருக்குப் பேட் சொந்தமோ அவன்தான் ஓபனிங் இறங்குவான். இந்தச் சட்டம் லார்ட்ஸில் எழுதப்பட்டதல்ல. ஆனால் மண்டைக்காட்டிலிருந்து குளச்சல் வரைக்கும் உள்ள மணல் திட்டுகளிலும் தென்னம்விளைகளிலும் கிரிக்கெட் ஆடி வளர்ந்த எவனைக் கேட்டாலும் முதல் சட்டமாக இதைத்தான் சொல்வான். பந்து வாங்கிக் கொடுத்தவன் ஒன் டவுன். முதல் பந்திலேயே குச்சி பறந்தாலும் "டிரயல் பால்டே" என்று மறுபடி நிற்கிற உரிமை இந்த இரண்டு பேருக்கும் உண்டு. பேட்டும் இல்லாமல் பந்தும் இல்லாமல் வந்து நிற்கிற மிச்சப் பேருக்கு ஒரே வேலைதான்: "போய் பந்து பெறக்குலே." ஃபீல்டிங்குக்கு எங்கள் ஊர்ப் பெயர் பந்து பெறக்குதல். சுள்ளி பெறக்குவது, காற்றில் விழுந்த தேங்காய் பெறக்குவது மாதிரி அதுவும் ஒரு கூலியில்லாச் சோலி.

நான் அதற்கும் லாயக்கில்லை. கண்ணாடி போட்டவன். ஒரு தடவை பந்து பட்டுக் கண்ணாடி உடைந்து, வீட்டில் அப்பா அதைவிடப் பலமாக அடித்த பிறகு எனக்கு ஸ்கோர் எழுதும் பதவி கிடைத்தது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு, ஒரு நீலப் பேனா, தென்னை நிழல். பேட்ஸ்மேன் பெயருக்கு நேராக ரன், பவுலர் பெயருக்கு நேராக ஓவர். ரன் வராத பந்துக்கு ஒரு புள்ளி.

அவன் புதூரிலிருந்து வருவான். கடப்புறத்துப் பையன். வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது, ஆகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1982 மார்ச் 1ஆம் தேதி மண்டைக்காட்டில், மாசிக் கொடை நேரத்தில், ஒரு மதக் கலவரம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் வந்தது. எங்கள் ஊரில் அதை விளக்க வேண்டியதில்லை, "எண்பத்திரெண்டு" என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு ஓர்மை தெளிந்த பையன்கள் நாங்கள். மேட்டுப் பையன்களும் கடப்புறத்துப் பையன்களும் ஒரே டீமில் ஆடுவது பெரியவர்களுக்கு உள்ளூரப் பிடிக்காத காரியமாகத்தான் இருந்தது. யாரும் வெளியே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவன் பாயிண்டில் நிற்பான். மணலில், வெறுங்காலில். அவனிடமிருந்து பந்து தப்பிப் போய் நான் பார்த்தது மிகக் குறைவு. எல்லாரும் பந்தை நோக்கிப் பாய்வார்கள், இவன் பந்து வரும் இடத்தில் முன்பே இருப்பான். எப்படி என்று கேட்டதற்கு, "பந்தத் தேடிக் கை போவப்படாது மக்கா, பந்து வாற எடத்துல கை கெடக்கணும்" என்றான். பேட்டிங் மட்டும் வராது. பேட்டைத் துடுப்பு மாதிரிப் பிடிப்பான். பத்தாவதாக இறங்கி, கண்ணை மூடி ஒரு வீச்சு வீசிவிட்டுத் திரும்பி வருவான்.

ஒரு மே மாதம், டென்னிஸ் பால் டூர்னமெண்ட். ஃபைனலுக்கு வந்துவிட்டோம். முந்தின நாள் சாயங்காலம் கேப்டன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பந்து வாங்கித் தந்தவருடைய தம்பி லீவில் ஊருக்கு வந்திருந்தான், நன்றாக அடிப்பானாம். யாரை எடுத்துவிட்டு அவனைப் போடுவது?

"லேய், நோட்டப் பாரு. யாரு கொறச்சல் ரன்னு?"

பார்த்தேன். "புதூர்க்காரன்தாண்ணே. ஆறு மேட்சுல பதினொண்ணு."

"பதினொண்ணா? செரி, அப்ப முடிஞ்சு."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் அவன் சட்டை மாற்றாமல் எல்லைக் கோட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். நாங்கள் தோற்றோம். பாயிண்டில் நின்ற புதியவன் இரண்டு கேட்சை விட்டான். அடித்தது 23 ரன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கப்புறம் புதூரிலிருந்து யாரும் எங்களோடு ஆட வரவில்லை. அவன் கடப்புறத்துக்காரன் என்பதால்தான் நீக்கிவிட்டோம் என்று அவன் அம்மை யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என் நோட்டில் அப்படி ஒரு காலம் கிடையாது. ரன் என்கிற காலம் மட்டும்தான் இருந்தது. ஆனால் நோட்டில் இல்லை என்பதற்காக ஊரில் இல்லாமல் போய்விடுமா?

பல வருடம் கழித்து அமெரிக்க பேஸ்பாலின் வரலாற்றை வாசித்தபோது எனக்கு ஒரு மூதாதை கிடைத்தார். பெயர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தோடு புரூக்ளினுக்குப் போனவர். பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர், 1850களில் பேஸ்பால் பக்கம் திரும்பினார். போகும்போது கிரிக்கெட்டின் ஸ்கோர் நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். இன்று பேஸ்பாலில் 'பாக்ஸ் ஸ்கோர்' என்று அச்சாகிற அட்டவணைக்கு அவர்தான் உருவம் கொடுத்தவர் என்பார்கள். ஒரு ஆட்டத்தைப் பார்க்காதவனும் நாளிதழில் நாலு அங்குலக் கட்டத்தைப் பார்த்து யார் நல்லவன் என்று சொல்லிவிடலாம் என்கிற நம்பிக்கை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒரு சதுரத்தின் நாலு மூலையில் நாலு தளம். அடித்தவன் ஒவ்வொரு தளமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த பக்கம் ஆட வரும். இதில் சில இடங்களில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், சில இடங்களில் எல்லாராலும் முடியாது. முதல் தளத்தில் நிற்பவனுக்கு ஓட்டம் குறைவு, எறிகிற பந்தை வாங்கினால் போதும். இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நிற்கிற 'ஷார்ட்ஸ்டாப்' கதை வேறு. நம் பாயிண்ட் மாதிரி, அதைவிடக் கஷ்டம். ஆகவே அந்த ஊரில் டீம் கட்டுகிறவன் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது: ஷார்ட்ஸ்டாப்பில் பிடிக்கத் தெரிந்தவனைப் போடுவதா, அடிக்கத் தெரிந்தவனைப் போடுவதா? செயிண்ட் லூயிஸ் அணியின் ஓஸி ஸ்மித் அடிப்பதில் சுமார். ஆனால் சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருதை 13 முறை வாங்கினார்.

சாட்விக் ஃபீல்டரை மறக்கவில்லை, அதுதான் அவர் மேல் எனக்கு மரியாதை. கிரிக்கெட்டில் இல்லாத ஒரு காலத்தை பேஸ்பால் நோட்டில் ஊன்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு: 'பிழை'. பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டால் ஃபீல்டர் பெயருக்கு நேராக ஒரு பிழை ஏறும். அது பிழையா இல்லையா என்று தீர்மானிப்பவர் ஸ்கோரர். நம் கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் பெயர் வரும். விட்டால் ஸ்கோர் அட்டையில் ஒரு தடயமும் இருக்காது, அடுத்த பந்து அடுத்த பந்துதான்.

ஆனால் பிழைக் காலத்திலும் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. கான்சாஸ் மாநிலத்தில் பன்றி இறைச்சியும் பீன்ஸும் டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் ராத்திரிக் காவலுக்கு இருந்த பில் ஜேம்ஸ் என்பவர், தூக்கம் வராத நேரத்தில் பழைய பாக்ஸ் ஸ்கோர்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். 1977இல் தன் செலவிலேயே ஒரு சிறு புத்தகம் போட்டார். அவர் கேட்டது எளிய கேள்வி. பந்தின் கிட்டே போகாதவன் எப்படிப் பிழை செய்ய முடியும்? சோம்பேறி ஃபீல்டரைத் தாண்டிப் பந்து போனால் அது அடித்தவனின் சாமர்த்தியமாக எழுதப்படும். நாலு எட்டுக் கூடுதலாக ஓடி, விழுந்து, விரல் நுனியில் பட்டுத் தவறவிட்டவனுக்குப் பிழை. அப்படியானால் பிழை குறைவாக உள்ளவன் நல்ல ஃபீல்டரா, ஓடாத ஃபீல்டரா? ஜேம்ஸ், தப்பவிட்டதை எண்ணுவதற்குப் பதில் எத்தனை பேரை அவுட் ஆக்க உதவினான் என்று எண்ணச் சொன்னார்.

இதை வாசித்த ராத்திரி புதூர்க்காரன் நினைவு வந்தது. என் நோட்டில் அவன் கேட்ச் பிடித்ததற்குக்கூடச் சரியான பதிவு கிடையாது. 'கேட்ச்' என்று மட்டும் எழுதி, விக்கெட்டை பவுலர் கணக்கில் சேர்த்துவிடுவேன். இடம் பற்றாது.

இந்திய கிரிக்கெட்டின் கதையை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நம்மூரில் பேட்டிங்கும் ஃபீல்டிங்கும் வெறும் இரண்டு திறமைகள் அல்ல. ஒன்று உட்கார்ந்து சாப்பிடுகிறவனுடையது, மற்றது பரிமாறுகிறவனுடையது. வெள்ளைக்காரர்களின் கிளப்புகளில் துரைமார் பேட் பிடிக்க, பந்து போடவும் பெறக்கவும் உள்ளூர்க்காரர்கள். 1870களில் பிறந்த பல்வங்கர் பாலு என்ற தலித் இளைஞர் புனேயின் ஆங்கிலேயர் கிளப்பில் அப்படித்தான் வேலை பார்த்தார். பிட்ச் உருட்டினார், வலை கட்டினார், துரைமாருக்கு மணிக்கணக்காகப் பந்து போட்டார். இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர் உருவானது அங்கேதான். 1911இல் இங்கிலாந்து போய் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். அந்தக் கிளப்பில் அத்தனை வருஷம் பந்து போட்டவருக்கு ஒரு நாளும் பேட்டைக் கொடுக்கவில்லை. இந்து அணியில் ஆடியபோதும் தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே தனிக் கோப்பை. தகுதியிருந்தும் கேப்டன் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டல்தான் பின்னால் 1923இல் கேப்டன் ஆனார்.

இன்னொரு முனையில் விஜயநகரம் மகாராஜ்குமார். 1936இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். மூன்று டெஸ்டிலும் சேர்த்து 33 ரன். அந்தச் சுற்றுப்பயணத்தின் நடுவே லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி ஊருக்கு அனுப்பி வைத்தார். பேட்டுக்குச் சொந்தக்காரன் ஓபனிங் இறங்குவது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்று இதை வாசித்தபோது ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அரச பரம்பரை எல்லாம் அப்படி என்று சொல்லிவிடவும் முடியாது. பட்டோடி நவாப் 1961இல் கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தவர். மிச்சமிருந்த கண்ணை வைத்துக்கொண்டு கவரில் நின்று அவர் பாய்ந்த பாய்ச்சலைத்தான் அந்தக் காலத்துக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

பட்டோடியின் அணியில்தான் பந்து பெறக்குகிறவனின் மகன் உள்ளே வருகிறான். நான் உவமையாகச் சொல்லவில்லை. ஏக்நாத் சோல்கரின் அப்பா பம்பாய் இந்து ஜிம்கானா மைதானத்தைப் பராமரிப்பவர். மைதானத்து ஓரக் குடிசையில்தான் குடும்பம். சோல்கர் ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் நிற்பார், அதாவது பேட்டுக்கு இரண்டு மூன்று எட்டு தள்ளி. ஹெல்மெட் இல்லாத காலம். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று நாலு சுழற்பந்து வீச்சாளர்கள் இந்தியாவின் சொத்தாக இருந்தார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சொத்து பணமாக மாறுவதற்குப் பேட்டின் விளிம்பில் பட்ட பந்தை யாராவது பிடிக்க வேண்டுமல்லவா?

1971 ஆகஸ்டு, ஓவல் மைதானம். இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 355, இந்தியா 284. இரண்டாவது இன்னிங்ஸில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 101க்குச் சுருண்டது. கிரிக்கெட் வரலாற்றில் அது சந்திரசேகரின் நாள்தான், மறுப்பேதும் இல்லை. அதே அட்டையை மறுபடி பாருங்கள். ஃப்ளெட்சர், கேட்ச் சோல்கர், பவுல்ட் சந்திரசேகர், 0. நாட், கேட்ச் சோல்கர், பவுல்ட் வெங்கட்ராகவன், 1. ஆலன் நாட் இந்தியாவுக்கு எதிராக அடிக்கடி தொல்லை கொடுத்தவர். அவர் தடுத்தாடிய பந்தை நோக்கி சோல்கர் முன்னால் விழுந்து, உடல் முழுக்கத் தரையில் நீண்டு, புல்லுக்கு மேலே பிடித்த புகைப்படம் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. இந்தியா நாலு விக்கெட்டில் வென்றது. இங்கிலாந்து மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றி.

சோல்கர் 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார், விக்கெட் கீப்பர் அல்லாதவராக. 20 டெஸ்டுக்கு மேல் ஆடிய ஃபீல்டர்களில் இந்த விகிதத்தை மிஞ்சியவர் இல்லை. பேட்டிங் சராசரி 25 சொச்சம், ஒரு சதம். சுமாரான பேட்ஸ்மேன், சுமாரான பவுலர் என்று அட்டை சொல்லும்.

யஜுர்வேந்திர சிங் கதை இன்னும் மோசம். 1977 ஜனவரியில் பெங்களூரில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடினார். ஒரு இன்னிங்ஸில் 5 கேட்ச், ஆட்டம் முழுக்க 7 கேட்ச். இரண்டும் அன்றைய உலக சாதனைக்குச் சமம். இந்தியா 140 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. அவர் மொத்தம் ஆடியது 4 டெஸ்ட். பேட்டிங் சராசரி இருபதைத் தொடவில்லை. ஏழு கேட்ச் பிடித்தவனை நாலு டெஸ்டோடு அனுப்பிவிட்ட அந்தக் கூட்டத்தில் யாராவது நோட்டைப் பார்த்து ரன் கணக்கை வாசித்திருப்பார்கள். வாசித்தவனின் குரல்கூட எனக்குத் தெரியும் போலிருக்கிறது.

ஷார்ட் லெக் என்பது உயிரோடு விளையாடுகிற இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவுக்கு ஆடிய ரமன் லம்பா, 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் ஹெல்மெட் இல்லாமல் அங்கே நின்றார். பந்து தலையில் பட்டு, மூன்று நாள் கழித்து இறந்துபோனார்.

இந்தக் கேள்வி எந்த அணியிலும் தவிர்க்க முடியாமல் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு: விக்கெட் கீப்பர். பதினோரு பேரில் பிடிப்பதற்கென்றே இடம் பெறும் ஒரே ஆள். ஐம்பதுகளில் நரேன் தம்ஹானே 21 டெஸ்ட் ஆடினார். 35 கேட்ச், 16 ஸ்டம்பிங், சராசரி 10. அப்போது அது போதுமானதாக இருந்தது. அப்புறம் வந்த புதி குந்தரன் 1964இல் சென்னையில் இங்கிலாந்தை 192 ரன் அடித்தார். 1967இல் அதே சென்னையில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஃபரூக் என்ஜினியர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 94. கீப்பர் என்றால் அடிக்கவும் வேண்டும் என்ற ஆசையை இந்தியாவுக்குக் காட்டிக் கொடுத்ததில் சென்னைக்கும் பங்குண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

கிரண் மோரேயை எடுத்துக்கொள்வோம். 1988 ஜனவரி, சேப்பாக்கம். முதல் டெஸ்ட் ஆடிய ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்ததை நம் அப்பாமார் தலைமுறை மறக்கவில்லை. அதே ஆட்டத்தில் மோரே 6 ஸ்டம்பிங் செய்தார், ஐந்து ஒரே இன்னிங்ஸில். இரண்டும் உலக சாதனை. இரண்டரை வருஷம் கழித்து, 1990 ஜூலை, லார்ட்ஸ். கிரகாம் கூச் 36இல் இருக்கும்போது கொடுத்த கேட்சை இதே மோரே விட்டார். கூச் 333 அடித்தார். இந்தியா 247 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஒரு கேட்சின் விலை 297 ரன். எந்தக் கீப்பராவது ஒரு டெஸ்டில் அடித்து ஈடுகட்டக் கூடிய தொகையா அது? ஸ்கோர் அட்டையில் ஸ்டம்பிங் ஆறும் அச்சாகியிருக்கிறது. விட்டது அச்சாகவில்லை.

அதனால் பிடிக்கிறவனே எப்போதும் உசத்தி என்று எழுதிவிட்டால் என் குற்ற உணர்ச்சிக்கு சௌகரியமாக இருக்கும். கதை அப்படிப் போகவில்லை.

2002இல் ஓக்லாண்ட் பேஸ்பால் அணியிடம் பணம் கிடையாது. நியூயார்க் யாங்கீஸ் வீரர்களுக்குக் கொடுத்த சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் அவர்களால் முடிந்தது. மேலாளர் பில்லி பீன், பில் ஜேம்ஸ் மாதிரி ஆட்களின் கணக்குகளைப் படித்தவர். அடிப்பதில் ஒரு வகை சந்தையில் மலிவாகக் கிடைப்பதைக் கண்டுபிடித்தார்: மோசமான பந்துகளைத் தொடாமல் விட்டு, ஓசியில் முதல் தளத்துக்கு நடந்து போகிற பொறுமை. சாட்விக் அந்த நடையை அடிப்பவனின் பெருமையாக நினைக்கவில்லை, அவருக்குப் பின்னால் வந்தவர்களும் விலை வைக்கவில்லை. பீன், ஸ்காட் ஹேட்டபெர்க் என்பவரை வாங்கினார். அவர் கீப்பர் மாதிரியான 'கேட்சர்'. முழங்கை நரம்பு போய்விட்டதால் பந்து எறிய முடியாது. அவரை முதல் தளத்தில் நிறுத்தினார்கள், ஆடியே பழக்கமில்லாத இடத்தில். ஃபீல்டிங் நட்டம் போனால் போகட்டும் என்ற முடிவு. அந்த வருஷம் ஓக்லாண்ட் 103 ஆட்டம் ஜெயித்தது, அதில் தொடர்ச்சியாக 20. இருபதாவது ஆட்டத்தில் 11-0 என்று முன்னணியில் இருந்து, 11-11 வரை விட்டுக் கொடுத்து, கடைசியில் ஹேட்டபெர்க்கே ஒரு ஹோம் ரன் அடித்து முடித்து வைத்தார். மைக்கேல் லூயிஸ் எழுதிய 'மணிபால்' மூலம் உலகுக்குத் தெரிந்த கதை இது.

அடுத்த வருஷமே நாமும் அதைச் செய்தோம், மணிபால் படிக்காமலேயே. 2003 உலகக் கோப்பையில் கங்குலி ஏழு பேட்ஸ்மேன் வேண்டும் என்று திராவிட் கையில் கீப்பர் கையுறையை மாட்டினார். முறையான கீப்பரான பார்த்திவ் படேல் ஒரு ஆட்டமும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். இந்தியா தொடர்ந்து 8 ஆட்டம் ஜெயித்து ஃபைனலுக்குப் போனது. ஃபைனலில் ஆஸ்திரேலியா 359 அடித்ததற்குத் திராவிட் காரணமில்லை. அன்றைக்குப் பாண்டிங்கை யாரும் எங்கேயும் நின்று பிடித்திருக்க முடியாது. கங்குலி செய்தது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக் 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் இறங்கி, ஹர்பஜன் பந்தில் மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்ததைப் பார்த்தவர்கள், அடுத்த பத்து வருஷத்துக்குக் கீப்பர் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். நான் நினைத்தேன். டிசம்பரில் தோனி வந்தார். 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் 148 அடித்தார். கதை முடிந்தது. கார்த்திக் பேட்ஸ்மேனாக மட்டும் திரும்பி வந்து, 2007 இங்கிலாந்துத் தொடரில் இந்தியாவுக்காக அதிக ரன், 263, அடித்தார். 2018இல் கொழும்பில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து 8 பந்தில் 29 எடுத்ததுதான் இன்று அவருடைய முகவரி. லார்ட்ஸ் ஸ்டம்பிங்கை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

2021 ஜனவரியில் சிட்னியில் ரிஷப் பந்த் ஒரே பேட்ஸ்மேனை இரண்டு தடவை விட்டார். அடிலெய்டில் ஆடிய சாஹா நம் காலத்தின் மிகச் சுத்தமான கைகளுக்குச் சொந்தக்காரர், அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். பந்துக்கு வசவு விழுந்தது, நானும் திட்டினேன். நாலாவது இன்னிங்ஸில் அதே பந்த் 97 அடித்து ஆட்டத்தின் போக்கையே திருப்பினார். அடுத்து பிரிஸ்பேனில் ஆட்டமிழக்காமல் 89, தொடர் நம் கையில். இதற்கு எதிராக என்ன வாதம் வைப்பது?

அமெரிக்காவில் கதை மறுபடி திரும்பியதைச் சொல்ல வேண்டும். எல்லாரும் பொறுமையான அடிப்பவர்களை வாங்கத் தொடங்கியதும் அந்தச் சரக்கின் விலை ஏறிவிட்டது, பிடிக்கிறவன் மலிவானான். டாம்பா பே அணி 2007இல் 66 ஆட்டம் ஜெயித்துக் கடைசியில் கிடந்தது. டெல்மன் யங் என்ற, நாளைய நட்சத்திரம் என்று பேசப்பட்ட அடிப்பவனைக் கொடுத்துவிட்டு, ஒரு பந்து வீச்சாளரையும் ஜேசன் பார்ட்லெட் என்ற ஷார்ட்ஸ்டாப்பையும் வாங்கினார்கள். 2008இல் 97 வெற்றி, சாம்பியன் பட்டத்துக்கான இறுதித் தொடர். பார்ட்லெட் ஒன்றும் அடித்துக் கிழிக்கவில்லை. ஆனாலும் அந்த ஊர்ப் பத்திரிகையாளர்கள் அணியின் மிக மதிப்பு மிக்க ஆட்டக்காரர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆகவே இதில் நிரந்தரமான விடை கிடையாது. சந்தையில் எது மலிவோ, உன் பவுலர் எப்படிப்பட்டவனோ, அதைப் பொறுத்தது. சந்திரசேகர் இருந்தால் சோல்கர் தங்கம். நாங்கள் ஆடிய மணலில், பாதிப் பந்து பாயிண்ட் பக்கமே போகும் டென்னிஸ் பால் ஆட்டத்தில் எது தங்கம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சட்டம் போட்டே பேட்டையும் கையையும் பிரித்துவிடவும் ஆள் இருக்கிறது. அமெரிக்கன் லீக் 1973இல் பந்து வீசுகிறவனுக்குப் பதில் அடிப்பதற்கென்றே ஒருவனைக் கொண்டுவந்தது. ஐ.பி.எல். 2023இல் இம்பாக்ட் பிளேயர் என்று அதன் சித்தி மகளைக் கொண்டுவந்தது. அதே 2023 உலகக் கோப்பையில்தான் இந்திய அணி தன் உடை மாற்றும் அறைக்குள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சிறந்த ஃபீல்டருக்கு மெடல் மாட்டத் தொடங்கியது. 2024 ஜூன் 29 பார்படாஸில், கடைசி ஓவரில், எல்லைக் கயிற்றின் மேல் சூர்யகுமார் பந்தை உள்ளே தட்டி, வெளியே போய், திரும்ப வந்து பிடித்தார். வித்தியாசம் 7 ரன். அது சிக்ஸ் போயிருந்தால் என்று யோசிக்கும்போது இன்னமும் வயிற்றைப் பிசைகிறது.

போன வருஷத்துக்கு முந்தின மாசிக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடையில் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்து, வயிறு போட்டு. வலது கை மோதிர விரல் வளைந்திருந்தது. சிரித்த பிறகுதான் ஆள் புரிந்தது. கல்ஃபில் படகு வேலை, இருபது வருஷம். இப்போது ஊரோடு வந்துவிட்டான். மகன் குளச்சலில் படிக்கிறான், ஃபுட்பால் ஆடுகிறானாம். டீ குடித்தோம். ஃபைனல் பற்றி நான் ஆரம்பிக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. கிளம்பும்போது கேட்டான்.

"மக்கா, அந்த நோட்டு கெடக்கா?"

"கெடக்கு. அம்மை ஒண்ணையும் களையமாட்டா."

"எனக்கு எத்தன ரன்னு போட்டிருக்க?"

சொல்லத் தயங்கினேன். "பதினொண்ணு."

"பன்னெண்டுடே," என்றான். "குளச்சல் மேட்சுல ஒண்ண லெக் பைன்னு எழுதிட்ட. அது பேட்டுல பட்டது."

வீட்டுக்கு வந்து பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்த நோட்டு. மூன்றாவது மேட்ச், குளச்சல், பத்தாவது ஆள். ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி, அப்புறம் லெக் பை ஒன்று. எதிர்ப் பக்கத்தில் குளச்சல்காரர்களின் இன்னிங்ஸ், வரிசை வரிசையாகப் புள்ளிகள். அவற்றில் எத்தனை பாயிண்டில் நின்றன என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. லெக் பையை அடித்துவிட்டு அவன் பெயருக்கு நேராக ஒன்று சேர்த்தேன். எக்ஸ்ட்ராவில் ஒன்று குறைந்தது. மொத்தம் மாறவில்லை.